பள்ளி திறப்பிலிருந்து நோன்புப் பெருநாள் வரை: ஒரு தோட்டப் பள்ளி வகுப்பின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. அதன் ஆண்டு 4 வகுப்பில் 2025 பிப்ரவரி 17ஆம் தேதி பள்ளி திறந்தது முதல் மார்ச் இறுதியில் நோன்புப் பெருநாள் விடுமுறை விடும்வரை நடந்தவற்றை இங்கே எழுதுகிறேன். வகுப்பாசிரியை நான்தான். பிள்ளைகள் பதினேழு பேர். யார் பெயரையும் குறிப்பிடவில்லை, பள்ளியின் பெயரும் வேண்டாம்.

ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் எல்லாக் கூட்டங்களிலும் "பிள்ளைகளோடு நல்லுறவை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். எப்படி என்று கேட்டால், அறிமுக விளையாட்டு, பெயர் அட்டை, பிறந்தநாள் பட்டியல் என்று முடிந்துவிடுகிறது. என் வகுப்புக்கு அறிமுகமே தேவைப்படவில்லை. பாலர் பள்ளியிலிருந்து ஒன்றாக வருகிறவர்கள். யாருக்கு எந்தக் குழம்பு பிடிக்காது, யார் எந்த ஆண்டு விளையாட்டுப் போட்டியில் விழுந்து அழுதான் என்பது வரை ஒருவருக்கொருவர் தெரியும். அவ்வளவு தெரிந்தும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துதான் கிடந்தது. ஏன் பிரிந்தது, அதில் பெரியவர்கள் எங்கள் பங்கு என்ன என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியம்.

இடமும் பிள்ளைகளும்

பேராக் உள்ளிட்ட பழைய கூட்டு மலாய் மாநிலங்களில், 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு கட்டாயத்தைக் கொண்டுவந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் (தோட்டத்து எழுத்தர்) வாத்தியார். படிப்பு எப்படி இருந்ததோ, ஆசிரியரும் பிள்ளையும் ஒரே தோட்டத்து மனிதர்கள். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று வாத்தியாருக்குப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. இன்று எங்கள் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஈப்போவிலிருந்து காரில் வந்து போகிறவர்கள். அன்று கேட்காமலே தெரிந்ததை இன்று நாங்கள் தேடிப்போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளின் நிலைமையும் மாறிவிட்டது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வீடிழந்த காலத்தில்தான் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சுங்கை சிப்புட் அவருடைய சொந்த ஊர் என்பதால் இங்கே பாட்டிமார் அந்தக் கதையை இன்றும் சொல்வார்கள். ஆனாலும் தோட்டத்தை விட்டுப் போவது நிற்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம். நம் குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகள்) போய்விட்டன, பள்ளி மட்டும் தோட்டத்திலேயே நிற்கிறது. பதினேழு பேரில் ஆறு பேர்தான் தோட்டத்துப் பிள்ளைகள். மற்ற பதினொரு பேரும் பட்டணத்திலிருந்து வேனில் வருகிறவர்கள்.

மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைந்த பள்ளிகளைக் கல்வி அமைச்சு தனி வகையாக வைத்திருக்கிறது. எங்களுடையதும் அதில் ஒன்று. ஆண்டுக்கு ஒரே வகுப்பு என்பதால், பிள்ளைக்கு இங்கே ஒத்துப்போகவில்லை என்றால் பக்கத்து வகுப்புக்கு மாற்றிவிட முடியாது. ஒன்றாம் ஆண்டில் ஒட்டிய பெயர் ஆறாம் ஆண்டு வரை கூடவே வரும்.

நான்காம் ஆண்டுக்கென்று ஒரு கனமும் உண்டு. முதல் மூன்று ஆண்டுகளில் வகுப்புசார் மதிப்பீடு மட்டுமே. 2025இல் கல்வியாண்டு இறுதித் தேர்வு நான்காம் ஆண்டில்தான் முதல்முறையாக வந்தது. வரலாறும் வடிவமைப்புத் தொழில்நுட்பமும் புதுப் பாடங்களாகச் சேர்கின்றன. பெற்றோரின் பதற்றமும் சேர்ந்தே வகுப்புக்குள் வந்துவிடுகிறது.

முன்கூட்டியே கைக்கு வந்த பட்டியல்

வகுப்பு என் கைக்கு வருவதற்கு முன்பே பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. இன்னார் சோம்பேறி, இன்னார் வாயாடி, ஒரு பையன் "வகுப்பில் நிற்கவே மாட்டான், அலைவான்", ஒரு பெண் பிள்ளை "வாயே திறக்காது". சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கு உதவியாக இருக்கும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் இந்தப் பழக்கத்தை நான் அடியோடு எதிர்க்கிறேன். அமெரிக்காவில் ஹாம்ரே, பியாண்டா இருவரும் 179 பிள்ளைகளைப் பாலர் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாலர் பள்ளி ஆசிரியரோடு உரசலான உறவு இருந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணிலும் ஒழுங்கிலும் அதன் தடம் எட்டாம் வகுப்பு வரை தெரிந்தது. அங்கே ஆண்டுதோறும் ஆசிரியர் மாறியும் அப்படி. இங்கே ஆசிரியர் அறையிலேயே அந்த உரசலைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

பட்டியலை மறுக்கவில்லை, கேட்டுக்கொண்டேன். ஆனால் அதில் இருந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுத வேறொரு தகவல் தேவைப்பட்டது. அது வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

நூற்றைம்பது ரிங்கிட் வாங்க வந்த நாள்

ஒவ்வொரு மாணவருக்கும் அரசு தரும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி, அந்த ஆண்டு ஜனவரியிலேயே வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். பொதுவாக அது வரிசை நகரும் வேலை. அடையாள அட்டை, கையெழுத்து, காசு, அடுத்தவர். எந்த வகுப்பு எனக்கு என்று தலைமையாசிரியர் முன்பே சொல்லியிருந்ததால், அந்த மேசையில் நானே உட்காருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். தாய்மார் பள்ளிக் கூட்டத்துக்கு வராமல் இருக்கலாம், இதற்கு யாராவது கட்டாயம் வருவார்கள்.

எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "காலையில பிள்ளைய யாரு எழுப்பிக் கெளப்புறது?" படிப்பைப் பற்றிக் கேட்டால் பெற்றோர் பயந்துவிடுகிறார்கள், குறை சொல்லத்தான் கேட்கிறோம் என்று நினைக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு யாரும் பயப்படவில்லை. அதோடு வீட்டின் பாதிக் கதை அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

"அலைவான்" என்ற அந்தப் பையனுக்காகப் பாட்டி வந்திருந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு, வேலைக்குப் போகும் நீளக்கைச் சட்டையோடு.

"யாரு எழுப்புறது டீச்சர்? அவனே எந்திரிச்சுக்குவான். நான் அஞ்சரைக்கெல்லாம் பெரட்டுக்குப் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போயிடுவேன்."

"அவன் அம்மா, பாட்டி?"

"அவ ஈப்போ பேக்டரில நைட் ஷிப்ட்டு. பஸ்ஸு வந்து எறக்கி விட எட்டு ஆயிடும். இவன்தான் தம்பியையும் எழுப்பி, குளிப்பாட்டி… அவனும் இப்ப ஒண்ணாம் வகுப்பு வரப்போறான்ல. போன வருசம் இங்கயே பாலர் பள்ளியில இருந்தான்."

இதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். பத்து வயதுப் பையன் ஒருவன் காலையில் இரண்டு பேரைக் கிளப்பி அனுப்புகிறான், அதில் ஒருவன் அவனே. வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தும் அவன்தான் அடிக்கடி தாமதமாக வருகிறான் என்ற புகாருக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. தோட்டத்திலிருந்து தன் பிள்ளையை நடத்திக் கூட்டிவரும் இன்னொரு தாயாரும் அன்று வரிசையில் இருந்தார். காலையில் அந்த வீட்டுக் கதவையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வர முடியுமா என்று கேட்டேன். "இதுக்கென்ன டீச்சர், வர்ற வழிதானே" என்றார். தாமதப் பிரச்சினை ஏறக்குறைய அதோடு தீர்ந்தது.

பிரிவு எங்கிருந்து வந்தது

முதல் வாரம் பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாடநூல் இரவல் பட்டியல், தகவல் பதிவு என்று ஆசிரியருக்கு முதல் வாரத்தில் எழுத்துவேலை தலைக்குமேல் இருக்கும். அதை ஆசிரியர் அறையில் செய்யாமல் வகுப்பின் பின்மேசையில் செய்தால் பார்ப்பதும் நடக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகள் நடந்து வருவதால் ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். வந்ததும் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள், அங்கேதான் விசிறிக் காற்று நன்றாக வரும். வேன் ஏழேகாலுக்கு மேல்தான் வரும். பதினொரு பேரும் ஒரே கூட்டமாக இறங்கி, வேனில் பாதியில் விட்ட பேச்சைத் தொடர்ந்தபடியே வந்து முன்வரிசைகளை நிரப்புவார்கள். ஓய்வு நேரத்தில் இலவச உணவுத் திட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டிச்சாலையில் தனி மேசை. எண்ணிச் சாப்பாடு போட வசதியாக இருக்கும் என்று எப்போதோ செய்த ஏற்பாடு. எங்கள் வகுப்பில் அந்த மேசைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். பள்ளி முடிந்ததும் வேன் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை, நடந்து போகிறவர்களுக்கு இன்னொரு வரிசை.

வருவது தனி, உட்காருவது தனி, சாப்பிடுவது தனி, போவதும் தனி. இதில் ஒன்றைக்கூடப் பிள்ளைகள் ஏற்படுத்தவில்லை. எல்லாமே வசதிக்காகப் பெரியவர்கள் செய்தவை. இதற்கு நடுவில் அரை மணி நேர அறிமுக விளையாட்டு வைத்து "எல்லாரும் நண்பர்கள்" என்று சொல்லிப் பயன் இல்லை.

ஒரு விதிவிலக்கையும் பார்த்தேன். பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 11இல் தைப்பூசம். மூன்று பையன்கள் கல்லுமலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் ஒருவன் தோட்டம், இருவர் பட்டணம். முதல் நாள் ஓய்வு மணி அடித்ததும் மூவரும் ஒன்றாக நின்று, யார் தலையில் முடி முதலில் முளைக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொதுவான ஒரு விஷயம் கிடைத்தால் இவர்கள் தாமாகவே சேர்ந்துவிடுவார்கள் என்று அப்போது தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, சேர்ந்து வேலை செய்ய விருப்பமான மூன்று பேரைச் சொல்லச் சொன்னேன். பெயர்களைப் புள்ளிகளாக வைத்துக் கோடு போட்டு இணைக்கும் இந்த முறையை ஜேக்கப் மொரேனோ 1930களில் உருவாக்கினார். பள்ளிகளுக்கு மிகவும் உதவும், ஒரு தாளும் பென்சிலும் போதும். என் தாளில் தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே போன கோடுகள் மொட்டைப் பையன்களுடையவை மட்டும்தான். "வாயே திறக்காத" பெண் பிள்ளையை நோக்கி ஒரு கோடுகூட வரவில்லை.

மாற்றிய ஏற்பாடுகள்

இடத்தை நானே பிரித்துக் கொடுத்தேன். நான்கு குழுக்கள், ஒவ்வொன்றிலும் தோட்டத்துப் பிள்ளை ஒருவராவது உண்டு. உணவுத் திட்டத்துப் பிள்ளைகள் தட்டை வாங்கிக்கொண்டு வகுப்பின் மேசைக்கே வந்து சாப்பிடட்டும் என்று தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டேன். எண்ணிக்கை தவறாமல் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றதும் சரி என்றார். இந்த ஒன்றை எந்தப் பள்ளியிலும் காசு செலவில்லாமல் செய்யலாம், தயவுசெய்து செய்யுங்கள். இலவசத் தட்டோடு ஒரு பிள்ளையைத் தனி மேசையில் உட்கார வைத்துவிட்டு, அவனை வகுப்போடு கலந்து பழகு என்று எப்படிச் சொல்வது?

காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றேன். இதற்கும் ஆதாரம் உண்டு. கிளேட்டன் குக்கும் அவர் குழுவினரும் 2018இல் பத்து வகுப்புகளில் 203 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், வாசலில் வரவேற்ற வகுப்புகளில் பாடத்தில் ஈடுபடும் நேரம் 20 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது, இடையூறு 9 புள்ளிகள் குறைந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது கொஞ்சம் பெரிய பிள்ளைகளை. ஆனாலும் எங்கள் பள்ளியில் வாசலில் நிற்பதற்குத் தனி அவசியம் இருந்தது. எழுந்து நின்று ஒரே குரலில் இழுத்து "வணக்கம் ஆசிரியர்" சொல்லும்போது எந்தப் பிள்ளையின் முகமும் தனியாகத் தெரியாது. வாசலில் ஒருவரைப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில் தூங்காத கண்ணும் சாப்பிடாத வயிறும் தெரிந்துவிடும். பேசாத பிள்ளையிடம் நான் பதில் எதிர்பார்க்கவில்லை. கையை நீட்டினால் விரலைத் தொட்டுவிட்டுப் போவாள்.

கூகைப் பெட்டி

குழுக்களைப் பிரித்துவிட்டால் மட்டும் போதாது, சேர்ந்து இருப்பதற்கு ஒரு வேலை வேண்டும். எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்த சமயத்தில் சண்டையைக் குறைக்க ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பது. மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் முழுப் பாடத்தைக் கற்க முடியாது. நான் எடுத்துக்கொண்டது பள்ளிக்கு வரும் வழியின் வரைபடம். நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடமே தன்னையும் குடும்பத்தையும், பள்ளியையும், குடியிருக்கும் இடத்தையும் அறிவதில்தான் தொடங்குகிறது. தமிழ்மொழியில் பேச்சுப் பயிற்சிக்கும் அது பொருந்தும். சந்தை, பஸ் நிலையம், தாமான், கோயில் எல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். செம்பனைக் காட்டுக்குள் போகும் பாதை தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் வரைபடம் முடியும்.

"அலைவான்" என்ற பையன் தன் துண்டில் ஒரு கம்பம் வரைந்து, அதன் மேல் ஒரு பெட்டி வரைந்தான்.

"இது என்னடா, தபால் பெட்டியா?" என்றாள் ஒரு வேன் பிள்ளை.

"ஆந்தைப் பொட்டி. உள்ள ஆந்தை இருக்கும்."

"பொய் சொல்லாத. ஆந்தைய யாரு வளப்பா?"

"எலி பழத்தத் தின்னுடும்ல. ஆந்தை எலியத் தின்னும். அதான் தோட்டத்துல வைக்கிறாங்க. வேணும்னா நாளைக்குக் கொண்டாரேன் பாரு."

அவன் சொன்னது முழு உண்மை. நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகை என்னும் ஆந்தைகளுக்குப் பெட்டி வைப்பது நெடுங்காலமாக இருக்கிறது. மறுநாள் மீலோ டின் ஒன்றோடு வந்தான். உள்ளே சாம்பல் நிறத்தில், கட்டை விரல் அளவில் ஐந்தாறு உருண்டைகள். கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். அவை பெட்டிக்குக் கீழே கிடக்கும். எல்லாருக்கும் கையுறை கொடுத்து, பழைய நாளிதழை விரித்து, பல்குச்சியால் பிரிக்கச் சொன்னேன். முடி ஒரு பக்கம் ஒதுங்கியது. சிறு விலா எலும்புகள் வந்தன, பிறகு ஒரு தாடை, அதில் மஞ்சள் நிறத்தில் நீண்டு வளைந்த முன்பற்கள். ஒரு குழு முழு மண்டையோட்டையே எடுத்துவிட்டது. "தபால் பெட்டியா" என்று கேட்டவள்தான் எல்லாருக்கும் முந்திப் பல்லை எண்ணிக்கொண்டிருந்தாள். பையனை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "இங்க வாடா, இது என்ன எலும்பு?" அன்று அவன் வகுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தான். யாரும் அதை அலைவது என்று சொல்லவில்லை.

ஓய்வு மணிக்குப் பிறகு

இருந்தும், ஓய்வு முடிந்ததும் அவன் காணாமல் போவது தொடர்ந்தது. பத்து நிமிடம், சில நாள் இன்னும் அதிகம். கட்டொழுங்குப் பதிவில் பெயர் ஏறவிருந்தது. நான் பாட்டியிடம் கேட்டு எழுதியதை எடுத்துப் பார்த்தேன்.

ரேமண்ட் வ்லாட்கோவ்ஸ்கி என்ற கல்வியாளர் சொன்ன ஒரு வழி இருக்கிறது. சிக்கலான பிள்ளையோடு நாளைக்கு இரண்டு நிமிடம், தொடர்ந்து பத்து நாள், பாடத்தையும் ஒழுங்கையும் தொடாமல் அவனுக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசுவது. எங்கள் இரண்டு நிமிடங்களும் கூகையிலேயே போய்க்கொண்டிருந்தன. குஞ்சு எப்போது பொரிக்கும், பெட்டிக்குள் பாம்பு போனால் என்ன ஆகும். அப்படிப் பேசும்போது ஒருநாள் அவனே சொன்னான். "தம்பி ரெஸ்ட்டு முடிஞ்சா அழுவான் டீச்சர். எந்த கிளாஸ்னு தெரியாம நின்னுடுவான். நான் போய் உக்கார வெச்சிட்டு வருவேன்." போன ஆண்டு "அலைந்ததும்" பாலர் பள்ளிப் பக்கம்தான்.

ஒன்றாம் ஆண்டு ஆசிரியையிடம் பேசினேன். மணி அடிக்கும் முன்பே அவன் தம்பியை அழைத்துப்போய் வகுப்பு வாசலில் ஆசிரியை கையில் ஒப்படைப்பான், அவர் தலையசைத்ததும் இங்கே வந்துவிடுவான். கட்டொழுங்கு ஆசிரியருக்கும் சொல்லிவிட்டோம். மார்ச் நடுவில் தம்பி தன் கூட்டாளிகளோடு ஓடிப்போய்விட, அண்ணன் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சீக்கிரமே வகுப்புக்கு வர ஆரம்பித்தான்.

"பாடம் எப்ப ஆரம்பிப்பீங்க?"

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. ஒரு தாயார் வாட்சாப்பில் குரல் அனுப்பினார். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இந்த வருசம் பரீட்ச இருக்கு. பிள்ள வந்து ஆந்தை எலும்புங்குது. பாடம் எப்ப ஆரம்பிப்பீங்க?" நியாயமான கேள்வி. சம்பளத்தில் பிடித்து வேனுக்கும் டியூஷனுக்கும் கட்டுகிறவர் கேட்காமல் யார் கேட்பார்கள்? அவரைப் பள்ளிக்கு அழைத்து மகளின் பயிற்சிப் புத்தகங்களைக் காட்டினேன். வரைபடத்துக்குப் பக்கத்தில் அவள் எழுதியிருந்த விளக்கம், கூகையின் உணவுச் சங்கிலி, வரலாற்றுக்காகப் பாட்டியிடம் கேட்டு எழுதிய குடும்பக் கதை. இன்ன பாடத்தில் இன்ன திறன் என்றும் சொன்னேன். முழுத் திருப்தி என்று சொல்லமாட்டேன். "சரி டீச்சர், மார்க்கைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். உறவுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருந்தால் அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. அதனால்தான் இந்த வேலையைப் பாடத்துக்குள்ளேயே செய்ய வேண்டும் என்கிறேன்.

மார்ச் இறுதியில்

விடுமுறைக்கு முன் அதே கேள்வியை மறுபடி கேட்டுக் கோடு போட்டேன். இந்த முறை கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போயின. "அலைவான்" என்ற பையனை நோக்கி மற்ற மூன்று குழுக்களிலிருந்தும் வந்தன. வேன் பிள்ளைகளின் நெருக்கம் குறையவில்லை, குறையவும் வேண்டாம். தினமும் சேர்ந்து பயணம் செய்கிறவர்கள் அவர்கள். ஒரு தோட்டத்துச் சிறுமி மட்டும் இன்னமும் தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்களையே சொன்னாள்.

பேசாத பெண் பிள்ளை வகுப்பில் இன்னும் பேசவில்லை. வீட்டில் ஓயாமல் பேசுவாள் என்று தாயார் சொல்கிறார், பாடும்போது பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார். எழுத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறாள். எலும்பு பிரித்த நாளிலிருந்து பக்கத்தில் உட்காருபவளின் காதில் மட்டும் ஏதோ சொல்கிறாள், கோட்டுத்தாளில் அவளுக்கு வந்த ஒரே கோடும் அந்தத் தோழியிடமிருந்துதான். வீட்டில் பேசிப் பள்ளியில் பேசாத நிலை பிடிவாதமோ வெட்கமோ இல்லாமல் பதற்றமாக இருக்கலாம். வற்புறுத்தினால் கூடும். எங்கள் பள்ளியில் முழுநேர ஆலோசகர் இல்லாததால் மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக ஒருவரைக் கேட்டிருக்கிறோம். அதுவரை வாய்மொழி மதிப்பீட்டுக்குத் தாயார் வீட்டில் பதிவு செய்து அனுப்பும் வாசிப்பை எடுத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். விடுமுறை முடிந்ததும் அவளையும் அந்தத் தோழியையும் இருவர் மட்டும் கொண்ட குழுவாக உட்கார வைத்துப் பார்க்கப் போகிறேன்.